மெழுகு பிடித்த டீ பாத்திரம்

புதுச்சேரி
4 மே 2025

அன்புள்ள அமுதா,

நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் நீ உடனே மனைவி வேலையை விட்டுவிட்டு நர்ஸ் வேலைக்குத் தாவி, ஜுரமா, எத்தனை டிகிரி என்று கேட்பாய். ஆகவே நடமாடிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

போனில் பேசக் கூடாது, சொல்ல வேண்டியதைக் கடிதத்தில்தான் சொல்ல வேண்டும் என்று போன மாதம் நீ போட்ட சட்டத்தின்படி இது முதல் கடிதம். தபால் ஆபீசில் உறை கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கோர்ட் விஷயமா சார்?"

"இல்லம்மா, பொண்டாட்டிக்கு."

"அப்போ ரிஜிஸ்டர் பண்ணிடுங்க. அவங்க வாங்கலன்னு சொல்ல முடியாது."

அவள் மனதில் ஓடியது விவாகரத்து நோட்டீஸ். பின்னால் வரிசையில் நின்றவர் என் தோளைத் தட்டி, "விடுங்க, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றார். ஒரு உறை வாங்கப் போனவனுக்கு இத்தனை ஆறுதல்.

வீட்டு நிலவரத்துக்கு வருகிறேன். மெழுகு ஓவியம் தடையில்லாமல் நடக்கிறது. மில் மூடியபின் இந்த மனுஷனுக்கு ஒரு வேலை கிடைத்ததே என்று ஊரில் நீ ஒருத்திதான் சந்தோஷப்படவில்லை. மதாம் ஓடில் (எனக்கு வகுப்பெடுத்த பிரெஞ்சுக்காரி, பெயரைச் சொன்னாலே நீ மூக்கைச் சுளிப்பாயே, அவளேதான். வயது எழுபத்தொன்று, மூக்கை இறக்கு) சொல்லிக்கொடுத்தபடி தேன்மெழுகை உருக்கி, வண்ணப்பொடி கலந்து, பலகையில் சூடாகப் பூசுகிறேன். மேலே சூடு காட்டி ஒட்டவைத்து, அதன்மேல் அடுத்த பூச்சு. நடுவில் காகிதம், துணி, நூல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் புதைக்கலாம்.

கஷ்டம் என்னவென்றால் நம் ஊர் வெயில். கடற்கரைச் சூரியோதயம் ஒன்று செய்து சுவரில் மாட்டினேன். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து பார்த்தால் சூரியன் வழிந்து கடலுக்குள் போயிருந்தது. அஸ்தமனம் என்று பெயரை மாற்றினேன். சாயங்காலம் கடலும் கீழே இறங்கிவிட்டது.

மெழுகோடு 'டம்மார்' என்ற பிசினைச் சேர்த்தால் இறுகும் என்றாள் மதாம். பெரிய மார்க்கெட் பக்கத்து நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன்.

"டம்மார் இருக்கா?"

"டமாரமா? மேளக் கடையில கேளுங்க."

"இல்லப்பா, பிசின்."

"பாதாம் பிசினா, வேலம் பிசினா? உடம்பு சூட்டுக்கா?"

"சுவருக்கு."

அவன் என்னை அனுதாபத்தோடு பார்த்தான். மரத்தில் வடியும், கட்டியாக இருக்கும், நெருப்பில் போட்டால் புகையும் என்று விளக்கினேன். ஒரு பொட்டலம் கட்டிக்கொடுத்தான். வந்து உருக்கிக் கலந்தேன். சாம்பிராணி! படம் இறுகவில்லை, ஆனால் வீடு முழுக்க வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. எதிர்வீட்டு சுமலதா ஏதோ கேட்க வந்தவள், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, என் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் கலைக்குக் கிடைத்த முதல் மரியாதை.

உனக்கு ஒரு நல்ல செய்தி. நம் எம்.எல்.ஏ. ஆபீசில் போய் உட்கார்ந்தேன். "பாவம் சார், இத்தனை வருஷம் சர்வீஸ் போட்ட நர்ஸை ஏனாமுக்குத் தூக்கி அடிச்சுட்டாங்க. எவளோ பொறாமை புடிச்சவ வேலை" என்றேன். அவருடைய உதவியாளர், "ஜூன்ல டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங் வருதுல்ல, பேசிடலாம்" என்றார். நம்ம சர்க்கார்தான், ஆனால் நடுவில் ஒரு ஆந்திராவையே வைத்துவிட்டு உன்னை அங்கே அனுப்பியிருக்கிறார்கள். போதும். பெட்டியைக் கட்டு.

டீ கடையில்தான் குடிக்கிறேன். நம் பாத்திரம் இன்னும் மெழுகோடுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
சுவரில் தங்காத ஓவியன்,
ஆதிமூலம்


ஏனாம்
14 மே 2025

இனியா அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. ஓர் இடத்தில் சிரித்தேன். எந்த இடம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த கடிதம் முழுக்க அதுவாகவே இருக்கும்.

எம்.எல்.ஏ. ஆபீசுக்கு இனிமேல் போக வேண்டாம். என்னை யாரும் தூக்கி அடிக்கவில்லை. ஏனாமுக்கு யார் போகிறீர்கள் என்று கேட்டார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். உங்களிடமும், ஹாஸ்டலில் இருக்கும் நம் பெண் இனியாவிடமும் 'போட்டுவிட்டார்கள்' என்று சொன்னேன். உங்கள் வாயால் ஊர் முழுக்க அந்தப் பொறாமைக்காரியைத் திட்டுகிறீர்களாம். அந்தப் பொறாமைக்காரி நான்தான்.

ஏன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. போன வருஷம் ஒரு நாள் நைட் டியூட்டி முடிந்து கதிர்காமம் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வார்டில் இரண்டு பேர் வேலையை நான் ஒருத்தி பார்த்திருந்தேன். கால் வீங்கியிருந்தது. ஒரு டீ குடித்துவிட்டுப் படுக்கலாம் என்று சமையற்கட்டுக்குப் போனால் டீ பாத்திரத்தில் சிவப்பு மெழுகு. பால் பாத்திரத்தில் மஞ்சள். இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் இன்னொரு கிண்ணம். தோசைக்கல்லில் ஐந்தாறு வண்ணம். இஸ்திரிப் பெட்டியைப் பற்றிப் பேச வேண்டாம். முதுகில் பச்சை மெழுகோடு நான் ஒரு நாள் முழுக்க ரவுண்ட்ஸ் போனது உங்களுக்கே தெரியும்.

நீங்கள் திரும்பிப் பார்க்காமல் சொன்னீர்கள்: "அமுதா, கைய வைக்காத, மஞ்சள் இப்பத்தான் பதம் வந்துருக்கு. டீயா? டீத்தூள் படத்துல மூணாவது பூச்சுல இருக்குது, வேணும்னா சுரண்டிக்கோ."

நல்ல ஜோக்தான். நான் 'ம்' என்றேன். அந்த 'ம்' வேறு யாரோ சொன்னதுபோல எனக்குக் கேட்டது. அதற்கு அடுத்த வாரம்தான் கையைத் தூக்கினேன்.

போன் வேண்டாம் என்று சொன்னதும் அதனால்தான். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 'லைன்ல இருக்கியா' என்பீர்கள். கடிதத்துக்கு 'ம்' தேவையில்லை.

இங்கே வந்த புதிதில் ஒரு மீன்காரம்மா வார்டில் படுத்திருந்தாள். காலில் ஆறாத புண். நான் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது என் முகத்தைப் பார்த்து, "அலசிபோயாவா அம்மா?" என்றாள். எதையோ அலசிவிட்டுப் போகச் சொல்கிறாள் என்று நினைத்து, அவள் குடித்து வைத்திருந்த டம்ளரை எடுத்துப் போய் அலசிக் கொண்டுவந்து வைத்தேன். வார்டே சிரித்தது. தெலுங்கில் அதற்கு 'களைச்சுப் போயிட்டியா' என்று அர்த்தமாம். உடன் இருந்த நர்ஸ் சொன்னபோது நானும் சிரித்தேன். பிறகு பாத்ரூமில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். தமிழில் என்னை யாரும் இதைக் கேட்டதாக ஞாபகம் இல்லை.

எனக்கு உங்கள்மேல் கோபம் என்று நினைத்து ஜோக் சொல்லி ஆற்றப் பார்க்காதீர்கள். கோபமாக இருந்தால் இந்த ஒரு வருஷத்தில் ஆறியிருக்கும். இது அலுப்பு. ஜூன் கவுன்சிலிங்கில் திரும்பி வருகிறாயா, இன்னொரு வருஷம் இருக்கிறாயா என்று கேட்பார்கள். இன்னும் முடிவு செய்யவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அமுதவல்லி


புதுச்சேரி
24 மே 2025

அன்புள்ள அமுதா,

எழுத்து மாறியிருக்கிறதே என்று பார்க்காதே. வலது கையில் சின்ன சுளுக்கு. நான் சொல்லச் சொல்ல சுமலதா எழுதுகிறாள். சுளுக்குன்னே எழுதுங்க. ஏன் அப்படிப் பாக்கறீங்க? நான் சொல்றத மட்டும் எழுதினா போதும். இதையும் எழுதறீங்களா? அடிச்சுடுங்க. அக்காவுக்கு அடிச்சு எழுதினா புடிக்காதுன்னா இன்னா அர்த்தம், உங்க அக்காவா, என் பொண்டாட்டியா? சரி விடுங்க, மேல எழுதுங்க.

உன் கடிதம் கிடைத்தது. உண்மையை எழுதியதற்கு நன்றி. நான் ஒன்றும் அதிர்ச்சி அடையவில்லை. ஏனாம் நல்ல ஊர் என்று கேள்வி. ஆறு இருக்கிறது. மீன் கிடைக்கும். மனுஷனுக்கு மாற்றம் வேண்டும். நானே உன்னிடம் பலமுறை எங்கேயாவது போய்வா என்று சொல்ல நினைத்ததுண்டு.

எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போய், எங்கள் விண்ணப்பத்தை வாபஸ் வாங்குகிறோம் என்றேன். அந்த உதவியாளர், "ஏன் சார், மேடம் கோவமா?" என்றான். "இல்ல தம்பி, அலுப்பு" என்றேன். "அதுக்கு ஜி.ஓ. எதுவும் இல்லயே சார்" என்றான். இந்த இடத்தில் நீ சிரிக்கணும்.

ஓவியம் நன்றாகப் போகிறது. வானத்துக்கு ஒரு புது நீலம் முயற்சி செய்தேன். அதோடு நிறுத்துங்க. புது நீலம்னு எழுதினா போதும், இன்னா நீலம்னு அவளுக்கு எதுக்கு?

கையத் தூக்கினாளாம், பாருங்க சுமலதா. எல்லாரும் தரையப் பாத்தாங்களாம், இவ தூக்கினாளாம். ஆர்டர் வந்த அன்னிக்கி நான் இவளுக்காக ஆபீஸ் ஆபீஸா ஏறி யார் யாரையோ திட்டிட்டு வந்தேன், எனக்கு டீ கூட ஊத்தினா அன்னிக்கி. எதுவும் சொல்லல. கடை டீ குடிச்சு குடிச்சு வாயே செத்துப் போச்சு. ஊட்ல பேச்சு சத்தமே இல்ல. நான் சொல்ற ஜோக்க நானே கேட்டுக்கறேன். இத எழுதாதீங்க. இது லெட்டருக்கு இல்ல, சும்மா உங்ககிட்ட சொன்னது.

முடிச்சுடலாம். உடம்பைப் பார்த்துக்கொள். இப்படிக்கு, ஆதிமூலம். எங்க, படிச்சுக் காட்டுங்க. ஏன் மடிக்கறீங்க?

அக்கா, நான் சுமலதா. சுளுக்கு இல்லக்கா. துணிக்குப் போடுற சொட்டு நீலத்த கொதிக்கிற மெழுகுல ஊத்திட்டாரு. அது தண்ணிதான, எண்ணெய்ல கடுகு போட்டா மாதிரி படபடன்னு மேல அடிச்சுடுச்சு. புறங்கை, ரெண்டு விரல். ஆட்டோவுல வச்சு நான்தான் இட்டுக்கினு போனேன். இப்ப பரவால்ல. நீங்க பயப்படாதீங்க. அண்ணன் படிக்கறதுக்குள்ள ஒட்டிடறேன்.


ஏனாம்
30 மே 2025

இனியா அப்பாவுக்கு,

சுமலதாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். இப்படி ஒரு கடிதம் நீங்கள் எனக்கு எழுதியதே இல்லை. இதையும் நீங்கள் எழுதவில்லை.

சுளுக்குக்கு நீலக் கை வராது. உங்களுக்குக் கட்டுப் போட்டது யார் என்று நினைத்தீர்கள்? சிவசங்கரி, என்னோடு பதினொரு வருஷம் அதே வார்டில் இருந்தவள். நீங்கள் வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே எனக்கு போட்டோ வந்துவிட்டது. விரல் நீலமாக இருப்பதைப் பார்த்து ரத்த ஓட்டம் நின்றுவிட்டது என்று பயந்து டாக்டரைக் கூப்பிட ஓடினாளாம். அதற்குள் பஞ்சில் சாயம் வந்ததாம். "அக்கா, உங்க வீட்டுக்காரரு வெள்ளத் துணி மாதிரி பளிச்சுன்னு இருக்காரு" என்கிறாள். அங்கே எல்லோருக்கும் தெரியும். நீங்கள் ஜோக் சொல்லாமலே ஒரு ஆஸ்பத்திரியைச் சிரிக்க வைத்திருக்கிறீர்கள்.

கொப்புளத்தை உடைக்கக் கூடாது. டூத்பேஸ்ட், மஞ்சள், தேன், மெழுகு எதையும் தடவக் கூடாது. கட்டு நனையக் கூடாது. ஆறும் வரை அடுப்புப் பக்கம் போகக் கூடாது.

அன்றைக்கு போனைக் கையில் எடுத்தேன். உங்கள் பெயர் வரைக்கும் வந்தேன். எடுத்ததும் 'இடது கைதான் இனி வலது கை' என்று எதையாவது சொல்வீர்கள், நான் 'ம்' சொல்ல வேண்டும். வைத்துவிட்டேன். வைத்த பிறகும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேறு ஒரு விஷயம். அந்த மீன்காரம்மா வீட்டில் மரப்படகு பழுது பார்க்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள், போனேன். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை அடைத்து, மேலே எதையோ காய்ச்சி ஊற்றினார்கள். மஞ்சளாக, கண்ணாடிச் சில்லு மாதிரி கட்டிகள். இது என்ன என்றேன். "குக்கிலம்" என்றார்கள். வெயிலில் உருகாது, தண்ணீரில் கரையாது என்றார்கள். போனில் தேடிப் பார்த்தேன். உங்கள் மதாமுடைய டம்மார் அதுதான். நம் ஊர் குங்கிலியம். அந்த நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்திருப்பான். நீங்கள் பிரெஞ்சில் கேட்டிருக்கிறீர்கள்.

கொஞ்சம் வாங்கிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை. கை ஆறிய பிறகுதான் பிரிக்க வேண்டும்.

கவுன்சிலிங் இருபத்தொன்றாம் தேதி.

அமுதவல்லி


புதுச்சேரி
11 ஜூன் 2025

அமுதா,

கட்டு அவிழ்த்தாயிற்று. விரல் மடங்குகிறது. எழுத்து ஒன்றாம் வகுப்புப் பையன் எழுத்து மாதிரி இருந்தாலும் என் எழுத்துதான். சுமலதாவைப் பக்கத்தில் சேர்க்கவில்லை.

குங்கிலியம் வந்தது. தூளாக்கி, மெழுகில் மெதுவாகக் கரைத்து, மேலே நின்ற தூசியை வடிகட்டிப் பூசினேன். மூன்று பகல் வெயில் பட்ட சுவரில் மாட்டி வைத்தேன். இறங்கவில்லை. மதாம் ஓடில் வந்து நகத்தால் தட்டிப் பார்த்தாள். "எங்கே வாங்கினாய்?" என்றாள். என் மனைவி அனுப்பினாள் என்றேன். "அவளும் ஓவியரா?" என்றாள். அதற்கு ஒரு ஜோக் வாய் வரை வந்தது, நல்ல ஜோக். சொல்லவில்லை. உனக்கும் எழுதவில்லை.

அந்தப் படத்தைத்தான் உனக்குப் பார்சல் செய்திருக்கிறேன். என்ன படம் என்று நீயே பார்.

இந்தக் கடிதத்தை நான் வேறு மாதிரி ஆரம்பித்தேன். 'இருபத்தொன்றாம் தேதி கவுன்சிலிங்கில் புதுச்சேரி என்று சொல்லு, வந்துவிடு' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த வரியை எழுதிவிட்டுச் சமையற்கட்டைத் திரும்பிப் பார்த்தேன். வந்தால் எதில் டீ போடுவாய்? காகிதத்தைக் கிழித்துவிட்டு எழுந்து போய்ப் பாத்திரத்தைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

கொதிநீரை ஊற்றினால் மெழுகு மிதக்கிறது. எடுத்துக் கொட்டினால் விளிம்பில் ஒட்டிக்கொள்கிறது. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். சீயக்காய் போட்டேன். கைப்பிடி திருகுக்குள் ஒரு சிவப்பு இருக்கிறது, அது எதற்கும் அசையவில்லை. பூசுவதற்கு ஒரு நிமிஷம்தான் ஆனது.

நீ என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்கவில்லை. கேட்கவில்லை என்று எழுதுவதே கேட்பதுதான் என்று நீ சொல்வாய்.

ஆதிமூலம்


ஏனாம்
22 ஜூன் 2025

இனியா அப்பாவுக்கு,

படம் வந்தது. பிரித்துப் பார்த்தால் வெள்ளையாக இருந்தது. கண்ணில் புரை விழுந்த மாதிரி. வழியில் வெயில் தின்றுவிட்டது, இத்தனை பாடுபட்டு இதுவும் போயிற்று என்று சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனேன்.

வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது ஞாபகம் வந்தது. எப்போதோ ஒரு நாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நீங்கள் பக்கத்தில் நின்று, மதாம் சொன்னாள், புது மெழுகுப் படம் கொஞ்ச நாள் பனி பூத்த மாதிரி வெளுக்கும், பஞ்சுத் துணியால் தேய்த்தால் தெளியும், கைச்சூடு படணும் என்று பேசிக்கொண்டே இருந்தீர்கள். நான் 'ம்' சொல்லிக்கொண்டிருந்தேன். காதில் வாங்காமல்தான் சொல்கிறேன் என்று நானே இத்தனை நாள் நினைத்திருந்தேன். வாங்கியிருக்கிறேன்.

அறைக்கு வந்து பழைய பருத்திப் புடவைத் துண்டால் தேய்த்தேன். ஓர் ஓரத்திலிருந்து தெளிந்தது. முதலில் ஜன்னல் கம்பி. அப்புறம் நம் அடுப்பு. உப்பு ஜாடி. பாசிப்பருப்பு டப்பாவில் அந்த நசுங்கல் கூட இருக்கிறது. கீழே தரையில் டீத்தூள். ஆணியில் மாட்டியிருப்பது என் யூனிஃபார்ம் துணி, பச்சைக் கறையோடு. எல்லாம் சரியாக இருக்கிறது. அடுப்பின்மேல் மட்டும் வட்டமாக ஓர் இடம், வெறும் பலகை. அது என்ன?

மறுநாள் பார்த்தால் மறுபடி லேசாக வெளுத்திருந்தது. மறுபடி தேய்த்தேன். இப்போது டியூட்டி முடிந்து வந்ததும் கொஞ்சம் தேய்க்கிறேன். தினமும் கொஞ்சம் வெளுக்கிறது, தினமும் கொஞ்சம் குறைவாக.

நேற்று கவுன்சிலிங். வீடியோவில் கூப்பிட்டார்கள். "புதுச்சேரியில இடம் இருக்குது சிஸ்டர், வர்றீங்களா?" என்றார் ஆபீசர். இன்னும் ஒரு வருஷம் ஏனாம் என்றேன். அவர் தப்பாகக் கேட்டதாக நினைத்து மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன்.

படம் பிடிக்காமல் இல்லை. பாத்திரத்தை நீங்கள் சுரண்டுவது தெரியாமலும் இல்லை. இங்கே டியூட்டி முடிந்து வருகிறேன். ஒரு அறை, ஒரு அடுப்பு. டீ போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருக்கும் பதில் சொல்லாமல் குடிக்கிறேன். அந்த டீ எனக்கு இன்னும் போதவில்லை. அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சாப்பிடாமல் இருக்கக் கூடாது.

அமுதவல்லி


புதுச்சேரி
1 ஜூலை 2025

அமுதா,

சாப்பிட்டேன். சுமலதா காரக்குழம்பு கொடுத்தாள். முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் போனாள். அவள் கேட்காமல் போனதே இந்தத் தெருவில் பெரிய செய்தி.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பீச்சுக்குப் போனேன். சுற்றி எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று முறை படித்தேன். முதல் முறை, என்னை வேண்டாம் என்று எழுதியிருப்பதாகத் தோன்றியது. இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் முறைதான் டீயைப் பற்றி எழுதியிருப்பது கண்ணில் பட்டது.

அந்த வட்டம் டீ பாத்திரம் இருக்கும் இடம். வரையாமல் விடவில்லை. பலமுறை பூசினேன். ஒவ்வொரு முறையும் மெழுகுச் சட்டியாகத்தான் வந்தது, டீ பாத்திரமாக வரவில்லை. கடைசியில் பலகை வரைக்கும் சுரண்டிவிட்டேன். கலை நுணுக்கம் என்று மதாம் பாராட்டினாள்.

நிஜப் பாத்திரம் சுத்தமாகிவிட்டது. கைப்பிடித் திருகைக் கழற்றி ஊசியால் அந்தச் சிவப்பையும் எடுத்தேன். நேற்று சாயங்காலம் அதில் முதல் டீ போட்டேன். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. மிச்சத்தில் மெழுகுவர்த்தி வாசனை. அதையே குடித்தேன். எழுந்து பாத்திரத்தைத் தேய்த்து அலசிக் கவிழ்த்தபோது உன் மீன்காரம்மா ஞாபகம் வந்தாள். ஒரு டீ குடித்துப் பாத்திரம் கழுவியதற்கே எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

எனக்கும் அலுப்புதான், அமுதா. சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பதும் ஒரு டியூட்டி. மில் மூடின நாளிலிருந்து லீவே எடுக்கவில்லை. நான் பேச்சை நிறுத்தினால் வீட்டில் என்ன கேட்குமோ என்று பயம். இப்போது நிறுத்திப் பார்த்தாயிற்று. ஃபேன் சத்தம்தான் கேட்கிறது.

திரும்பி வா என்று எழுதமாட்டேன். நீ சொன்னது சொன்னபடி இருக்கட்டும். காக்கிநாடா வரை ரயில் இருக்கிறது, அங்கிருந்து பஸ் இருக்கிறது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். நிரந்தரமாக இல்லை, நாலு நாள். நீ டியூட்டிக்குப் போனால் நான் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பேன். நீ டீ குடிக்கும்போது வெளியே நிற்கவும் தயார். ஜோக் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் எனக்குத் தெலுங்கு தெரியாது, அது உங்கள் ஊருக்குப் பாதுகாப்பு.

தமிழில் கேட்க வெட்கமாக இருக்கிறது. கல்யாணமானதிலிருந்து கேட்காததை இப்போது கேட்டால் நடிப்பு மாதிரி இருக்கும். அதனால் உன் மீன்காரம்மா பாஷையில் கேட்கிறேன்.

அமுதா, அலசிபோயாவா?

நான் வரட்டுமா?

ஆதிமூலம்


ஏனாம்
8 ஜூலை 2025

இனியா அப்பாவுக்கு,

ம்.

வரும்போது மெழுகு எடுத்து வாருங்கள். குங்கிலியம் இங்கேயே கிடைக்கும். பாத்திரம் சுமந்து வர வேண்டாம். நேற்று கடைக்குப் போய் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

சின்னது டீக்கு.

அமுதா